பரங்கிமலைக்கு ஒரு விதி, குவேசாருக்கு வேறொன்றா?

இருநூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் காலையும் மாலையும் பீரங்கி முழங்கும். ஒன்று புனித ஜார்ஜ் கோட்டையில். இன்னொன்று தெற்கே, பரங்கிமலைப் பீரங்கிப் படை முகாமில். ஊராருக்கு அது பொழுது சொல்லும் சத்தம். மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த ஜான் கோல்டிங்ஹாமுக்கோ அது செலவில்லாமல் கிடைத்த ஆய்வுக்கருவி. பீரங்கி வாயில் தீ தெரிந்த கணத்தையும் சத்தம் காதில் விழுந்த கணத்தையும் கடிகாரம் வைத்துக் குறித்துக்கொண்டே வந்தார். நுங்கம்பாக்கத்து வானாய்வகத்துக்கும் பரங்கிமலைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு ஆகும் நேரம் கணக்கிலேயே வராது. ஒலிக்கு 26 விநாடி பிடிக்கும். 1820, 1821 ஆண்டுகளில் மாதக்கணக்கில் அளந்ததை 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார்.

ஒலியின் வேகம் ஒரே எண்ணில் நிற்கவில்லை. குளிர்ந்த தை மாதத்தில் மெதுவாக வந்த சத்தம், வெயில் காலத்தில் விரைந்து வந்தது. மாதம் மாற எண்ணும் மாறியது.

அப்படியானால் இயற்கையின் விதி மாதத்துக்கு ஒன்றா? இல்லை. காற்று சூடானால் அதன் மூலக்கூறுகள் வேகமாக அலையும். ஒலியும் வேகமாகப் போகும். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். தையிலும் சித்திரையிலும் இந்த விதி ஒன்றேதான். வேறுபட்டது காற்றின் சூடு. இதற்கு முன்பே ஒலி இன்னொரு பெரிய பாடத்தைக் கற்றுத் தந்திருந்தது. நியூட்டன் தன் கோட்பாட்டின்படி கணக்கிட்ட ஒலி வேகம், அளந்து பார்த்ததைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாக இருந்தது. நூறாண்டுக்கும் மேல் யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. 1816இல் லாப்லாஸ் அதை விளக்கினார்: ஒலி அலை காற்றை அமுக்கும்போது அந்த இடம் சற்றுச் சூடாகிறது, அந்தச் சூடு வெளியேற நேரமில்லை, அதனால் காற்று இன்னும் விறைப்பாக நடந்துகொள்கிறது. விதி பொய்க்கவில்லை. கணக்கில் சேராத ஒரு பொருள் ஒளிந்திருந்தது.

இந்த இரண்டு வரிகளையும் கையில் பிடித்துக்கொண்டால், அறிவியல் புனைகதை எழுதுவோரை நெடுங்காலமாக ஈர்த்துவரும் ஒரு கேள்விக்குள் துணிந்து போகலாம். அண்டத்தின் ஒரு பகுதியில் ஒரு விதமான இயற்பியல், இன்னொரு பகுதியில் வேறு விதமான இயற்பியல் என்று இருக்க முடியுமா?

அமெரிக்க எழுத்தாளர் வெர்னர் விஞ்ச் 1992இல் எழுதிய நாவலில் நம் பால்வெளி மண்டலம் மண்டலமாகப் பிரிந்து கிடக்கிறது. நடுப்பகுதியில் அறிவு என்பதே சாத்தியமில்லை. வெளியே போகப் போக எந்திரங்கள் கூர்மையாகின்றன, ஒளியை முந்திப் பயணம் செய்யலாம். ஐசக் அசிமோவ் 1972இல் வேறொரு வழியில் போனார். அவர் கற்பனை செய்த பக்கத்து அண்டத்தில் அணுக்கருவைக் கட்டிப்பிடிக்கும் விசை நம்முடையதைவிட வலியது. அதனால் இங்கே இருக்கவே முடியாத புளூட்டோனியம்-186 அங்கே நிலையாக இருக்கிறது. தமிழில் அறிவியல் கதையை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்த சுஜாதா பொறியியல் படித்தது பரங்கிமலையிலிருந்து தாம்பரம் போகும் ரயில் பாதையில், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில். அவர் எழுத்தைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. அதற்கும் வெகு முன்பே நம் புராணங்கள் ஈரேழு பதினான்கு உலகங்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனி நடைமுறை வைத்தன. மகள் ரேவதிக்கு வரன் கேட்டுப் பிரம்மலோகம் போன ககுத்மி அரசன் அங்கே சிறிது நேரம்தான் காத்திருந்தான். திரும்பி வந்தபோது பூமியில் யுகங்கள் பல கடந்திருந்தன.

மேற்கிலும் விதி இடத்துக்கு இடம் மாறும் என்பதே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பாடமாக இருந்தது. நிலவுக்குக் கீழே உள்ளவை பிறக்கும், அழியும், நேர்கோட்டில் விழும். நிலவுக்கு மேலே உள்ளவை அழியாதவை, வட்டமாகவே சுற்றும் என்றார் அரிஸ்டாட்டில். 1687இல் நியூட்டன் அந்த வேலியை எடுத்தார். கீழே விழும் கல்லுக்கும் சுற்றிவரும் நிலவுக்கும் ஒரே ஈர்ப்பு விதி என்று காட்டினார். இன்றைய இயற்பியல் முழுவதும் அந்தத் துணிச்சலின் மேல்தான் நிற்கிறது. ஆனால் துணிச்சல் சான்றாகாது. அளந்து பார்த்தால்தான் சான்று. அப்படி அளந்த வரலாற்றின் நல்ல பகுதி ஒன்று தென்சென்னையின் பாறைகளிலும் மண்ணிலும் பதிந்திருக்கிறது.

ஈர்ப்பிலிருந்தே தொடங்கலாம். ஒலியை அளந்த அதே 1821இல் கோல்டிங்ஹாம் சென்னையில் ஊசலையும் ஆட்டி அளந்தார். ஊசல் ஒரு முறை போய்வர ஆகும் நேரம் அதன் நீளத்தையும் அந்த இடத்தின் ஈர்ப்பையும் பொறுத்தது. இந்த ஈர்ப்பு எங்கும் ஒன்றாக இல்லை என்பது 1672இலேயே தெரிந்துவிட்டது. ழான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனார். நிலநடுக்கோட்டுக்கு அருகே அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. பூமி தன்னைத்தானே சுற்றுகிறது. சுற்றுவதால் நடுவில் பிதுங்கியும் இருக்கிறது. அதனால் துருவத்தில் 9.832 ஆக இருக்கும் ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.780 ஆகக் குறைகிறது. சென்னையில் ஏறத்தாழ 9.783, லண்டனில் 9.812. லண்டனில் சரிபார்த்த ஊசல் கடிகாரத்தை அப்படியே கப்பலில் ஏற்றிச் சென்னையில் மாட்டினால் நாளுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் பின்தங்கும்.

இந்த வேறுபாடு உலகத்தின் அளவுகோலையே மாற்றியிருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, சரியாக ஒரு விநாடிக்கு ஒரு வீச்சு ஆடும் ஊசலின் நீளத்தையே உலகப் பொது அளவாக வைக்கலாம் என்று 1790இல் யோசனை வந்தது. ஆனால் எந்த ஊரின் ஊசல்? மறு ஆண்டே அந்த யோசனை கைவிடப்பட்டது. துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையிலான தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு மீட்டர் என்று முடிவாயிற்று. இயற்கை தந்த மாறாத எண் என்று நம்பப்பட்ட ஒன்று, ஊருக்கு ஊர் மாறும் எண்ணாகத் தாழ்ந்துவிட்டது. அதற்கு அடியில் இருந்த நியூட்டனின் விதியோ தாழவில்லை. எண் மாறியதற்கான காரணத்தைச் சொன்னதே அந்த விதிதான்.

அந்தக் காரணத்தின் முழு உருவத்தைக் காண பூமியின் வடிவத்தைத் துல்லியமாக அளக்க வேண்டும். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி அதைப் பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்கினார். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டருக்கு எஃகுச் சங்கிலி பிடித்து அளந்தார்கள். அன்று அது திறந்தவெளி. இன்று வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் என்று வீடுகளும் அடுக்குமாடிகளும் நிறைந்த தரை. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலிக்கு நிழலும், அதன் பக்கத்திலேயே வெப்பமானியும் தேவைப்பட்டன. அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டு போன அளவைதான் பிறகு இமயம் வரை சென்றது. இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை என்று வரலாறு அதைச் சொல்கிறது.

வடக்கே போனதும் ஒரு புதிர் முளைத்தது. மத்திய இந்தியாவின் கல்யாண்பூருக்கும் இமயத்துக்கு அருகிலுள்ள கல்யாணாவுக்கும் இடையிலான தூரத்தை இரண்டு வழிகளில் கண்டார்கள்: ஒன்று முக்கோணம், மற்றொன்று விண்மீன். இரண்டும் ஒத்துவரவில்லை. 5.236 விகலை (கோணத்தின் மிகச் சிறிய அலகு) வேறுபாடு. கல்கத்தாவில் இருந்த பாதிரியார் ஜான் பிராட் 1855இல் கணக்குப் போட்டார். இமயமலையின் நிறை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கும்; அதனால் வேறுபாடு வரும், சரி. ஆனால் நியூட்டன் விதிப்படி அது 15.885 விகலையாக இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது.

இங்கே ஒரு கதாசிரியர் இருந்தால், இமயத்தருகே ஈர்ப்பு விதி தளர்ந்துவிடுகிறது என்று அழகான கதை பின்னியிருப்பார். வானியலாளர் ஜார்ஜ் ஏய்ரியும் பிராட்டும் வேறு முடிவுக்கு வந்தார்கள். விதி அதேதான், மலைக்குக் கீழேதான் நாம் அறியாதது இருக்கிறது. மலையின் அடியில் கனம் குறைந்த பாறை ஆழமாக வேர்விட்டிருக்கிறது என்றார் ஏய்ரி. உயர்ந்து நிற்கும் நிலத்தின் அடர்த்தியே குறைவு என்றார் பிராட். புவியோட்டின் சமநிலை என்ற கருத்து அந்த 10 விகலைக் குறையிலிருந்துதான் பிறந்தது. விதி மாறிவிட்டது என்று சொல்லி ஒதுங்கியிருந்தால் அது கிடைத்திருக்காது.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் பூமியின் ஈர்ப்பு உலகிலேயே மிகவும் தாழ்ந்து கிடக்கும் பெரும் பரப்பு இருக்கிறது. அதன் மையத்தில் கடல்மட்டம், சீரான ஒரு கோளத் தட்டையுருவை வைத்துக் கணக்கிட்டால் இருக்க வேண்டிய இடத்தைவிட 106 மீட்டர் கீழே இருக்கிறது. தமிழ்நாடு முழுவதும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் அமர்ந்திருக்கிறது. சென்னைக் கரையிலேயே பள்ளம் 80 மீட்டருக்கு மேல். திருத்தம் செய்யாத ஜி.பி.எஸ். கருவியைக் கடற்கரையில் வைத்தால் அது கடல்மட்டத்துக்குக் கீழே வெகு ஆழத்தில் இருப்பதாகக் காட்டுவது இதனால்தான். இந்தப் பள்ளத்துக்குக் காரணம் பூமியின் உள்ளே, ஆழத்தில் எழும் சூடான, கனம் குறைந்த பொருள் என்று 2023இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பால், ஆத்ரேயி கோஷ் இருவரும் கணினிக் கணக்கின் மூலம் விளக்கினார்கள்.

ரேவதியின் கதையில் வரும் கால வேறுபாடும் மெய்யான ஒன்றுதான், அளவு மட்டும் மிகச் சிறிது. ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடும் என்றார் ஐன்ஸ்டீன். பரங்கிமலை உச்சியில் வைத்த கடிகாரம், அடிவாரத்தில் வைத்த கடிகாரத்தைவிட ஓராண்டில் கால் மைக்ரோவிநாடி அளவுக்கு முந்தும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளில், அதன் வேகத்தின் விளைவையும் சேர்த்து, இது நாளுக்கு 38 மைக்ரோவிநாடி; திருத்தாவிட்டால் வழிகாட்டியே தவறிப்போகும். மலையில் ஒரு காலம், தெருவில் ஒரு காலம். விதி ஒன்று.

பூமிக்குள் சரி, வெளியே? 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் ஆந்திரக் கரையைக் கடந்தது. குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ழான்சன் நிறமாலைக் கருவியுடன் காத்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் மதராஸ் வானாய்வகத்தின் நார்மன் போக்சன். அந்தக் கிரகணத்தையும் அதையடுத்த மாதங்களையும் ஒட்டி, சூரிய ஒளியில் எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு கவனத்துக்கு வந்தது. சூரியனுக்கென்றே தனியாக ஒரு பொருளா? ஹீலியம் என்று பெயரும் வைத்தாயிற்று. 1895இல் வில்லியம் ராம்சே அதே வாயுவை யுரேனியக் கனிமத்திலிருந்து ஆய்வகத்தில் பிரித்தெடுத்தார். சூரியனுக்கென்று தனி வேதியியல் இல்லை.

ஆனால் இதுவரை சொன்னதையெல்லாம் திருப்பிப் படித்தால் இன்னொரு பொருளும் வரும். ஒலி வேகம் மாறாதது என்று நினைத்தோம், மாறியது. ஈர்ப்பு முடுக்கம் மாறாதது என்று நினைத்தோம், மாறியது. காலத்தின் ஓட்டமும் மாறியது. இனி மிச்சமிருப்பவை ஈர்ப்பு மாறிலி, மின்னூட்டம், எலெக்ட்ரானின் நிறை போன்ற சில அடிப்படை எண்கள். இவை மட்டும் ஏன் மாறாமல் இருக்க வேண்டும்? இவையும் நம் வட்டாரத்து எண்களாக இருந்தால்?

இந்தக் கேள்வியை முதலில் பட்டென்று கேட்டவர் பால் டிராக். 1937 அது, சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக் காட்டுக்கு இடம்பெயர்ந்த ஆண்டு. பிரபஞ்சத்தின் வயது கூடக் கூட ஈர்ப்பு மாறிலி குறைந்துகொண்டே வருகிறது என்றார் டிராக். 1948இல் எட்வர்ட் டெல்லர் இதைச் சோதிக்க ஓர் எளிய வழி கண்டார். பண்டைக் காலத்தில் ஈர்ப்பு வலுவாக இருந்திருந்தால் சூரியன் இன்னும் வெறியோடு எரிந்திருக்கும், பூமியும் அதை நெருங்கிச் சுற்றியிருக்கும், கடல்கள் கொதித்திருக்கும். உயிரினங்களின் புதைபடிவங்கள் அப்படிச் சொல்லவில்லை. இன்று நிலவில் வைத்த கண்ணாடிகளுக்கு லேசர் அனுப்பி அளக்கிறார்கள். ஈர்ப்பு மாறிலி மாறினாலும் ஆண்டுக்குப் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழேதான் மாற முடியும்.

பழைய காலத்தைச் சோதிக்கப் பழைய கல் வேண்டும். பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் குன்றுகளின் கருங்கல் அதற்குப் பேர் போனது. 1893இல் தாமஸ் ஹாலண்ட் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். கல்கத்தாவின் தொடக்கத்தோடு பெயர் இணைந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்த வகைக் கல்லால் ஆனது. உலகின் எந்த மூலையில், இலங்கையில், நார்வேயில், அண்டார்க்டிகாவில், இந்த வகைப் பாறை கிடைத்தாலும் அதற்கு மூல மாதிரி பல்லாவரத்துக் கல்தான். அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு.

அந்த வயதை எப்படிச் சொல்கிறார்கள்? பாறைக்குள் இருக்கும் கதிரியக்கத் தனிமங்கள் சிதையும் வேகத்தை வைத்து. அன்றைக்குச் சிதைவு வேகம் வேறாக இருந்திருந்தால் இந்த வயதே தப்பு. ஆகவே பல்லாவரத்துக் கல்லின் வயதைச் சொல்லும் ஒவ்வொருவரும், அணுக்கருவின் விதிகள் மாறவில்லை என்று சேர்த்தே சொல்கிறார்கள்.

அதற்குச் சான்று ஆப்பிரிக்காவிலிருந்து எதிர்பாராமல் வந்தது. 1972இல் பிரான்ஸ் நாட்டு அணு எரிபொருள் ஆலை ஒன்றில் யுரேனியத்தைச் சோதித்தவர்கள் திகைத்தார்கள். இயற்கை யுரேனியத்தில் 235 என்ற ஐசோடோப்பு எங்கே எடுத்தாலும் 0.7202 சதவீதம் இருக்கும். அவர்கள் கையில் இருந்ததில் 0.7171. மிகச் சிறிய குறைவுதான். ஆனால் அணு எரிபொருளில் அது களவுக்குச் சமமான செய்தி. தேடிப் போனால், காபோன் நாட்டின் ஒக்லோ சுரங்கத்தில் ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் மனிதர் யாரும் இல்லாமலே அணு உலை எரிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் யுரேனியத்தில் 235இன் பங்கு 3 சதவீதம் அளவில் இருந்ததால், நிலத்தடி நீரே நியூட்ரான்களை மட்டுப்படுத்தப் போதுமாக இருந்தது. இன்று அந்தப் பங்கு தேய்ந்துவிட்டது. அதனால்தான் இயற்கை யுரேனியத்தை எரிக்கும் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கனநீர் வேண்டியிருக்கிறது.

ஒக்லோவின் சாம்பலை 1976இல் ரஷ்யர் அலெக்சாண்டர் ஷ்லியாக்தர் வேறு கண்ணோடு பார்த்தார். சமாரியம்-149 என்ற அணுக்கரு ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் வரும் நியூட்ரானை மிக ஆவலோடு விழுங்கும். அந்த ஆற்றல், மின்விசைக்கும் அணுக்கரு விசைக்கும் இடையிலான மிக நுட்பமான சமனில் நிற்கிறது. சமன் துளி பிசகினாலும் விழுங்கும் அளவு மாறிவிடும். ஒக்லோவில் மிஞ்சிய சமாரியம், அன்றும் இன்றைப் போலவே விழுங்கியது என்று காட்டுகிறது. மின்விசையின் வலிமை 200 கோடி ஆண்டுகளில் ஒரு கோடியில் ஒரு பங்குகூட நகரவில்லை. ஒக்லோவில் உலை எரிந்தபோது பல்லாவரத்துக் கல்லுக்கு வயது ஏற்கெனவே 50 கோடி. இத்தனை அழகான சாட்சியை எந்த ஆய்வகமும் திட்டமிட்டு உண்டாக்கியிருக்க முடியாது.

ஒக்லோ காலத்தைச் சோதித்தது. தொலைவைச் சோதிக்கக் குவேசார் வேண்டும், அதாவது மிகத் தொலைவிலிருந்தும் பளிச்சென்று ஒளிரும் விண்மீன் மண்டல மையம்.

மின்விசையின் வலிமையைச் சொல்லும் எண் நுண்ணமைப்பு மாறிலி. மதிப்பு 137.036இல் ஒரு பங்கு. இதற்கு அலகு கிடையாது. மீட்டரில் அளந்தாலும் முழத்தில் அளந்தாலும் ஒன்றே. அணுக்கள் ஒளியை உறிஞ்சும்போது நிறமாலையில் விழும் கருங்கோடுகளின் இடைவெளி இந்த எண்ணைப் பொறுத்தது. தொலைதூரக் குவேசாரின் ஒளி வழியிலுள்ள வாயு மேகங்களைக் கடந்து வருகிறது. மேகத்திலுள்ள இரும்பும் மக்னீசியமும் தங்கள் கோடுகளை அதில் பதிக்கின்றன. பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மாறிலியின் மதிப்பு அந்த ஒளியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் ஜான் வெப் தலைமையிலான குழு 1999இல் ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கியில் பதிவான ஒளியை ஆராய்ந்து, மாறிலி அன்று சற்றுக் குறைவாக இருந்தது என்றது. ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. 2010இல் அதே குழு சிலி நாட்டின் மாபெரும் தொலைநோக்கித் தரவையும் சேர்த்துப் பார்த்து அதைவிடத் துணிவான ஒன்றைச் சொன்னது. வானத்தின் ஒரு பக்கம் மாறிலி கூடுகிறது, எதிர்ப்பக்கம் குறைகிறது. திசைக்குத் திசை இயற்பியல் மாறுகிறது! விஞ்ச் நாவலில் வருவது போன்ற ஓர் அண்டத்தை முறையான அறிவியல் இதழில் எண்களோடு எழுதிய கட்டுரை அது.

இந்தியாவிலிருந்து இதற்கு எதிர்க்குரல் முன்கூட்டியே வந்திருந்தது. புனேயின் ஐயூக்கா ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஆர். ஸ்ரீஆனந்த், ஹம் சந்த் இருவரும் பிரெஞ்சு வானியலாளர் பாட்ரிக் பெட்டிஷானின் குழுவோடு சேர்ந்து 2004இல் சிலித் தொலைநோக்கித் தரவை ஆராய்ந்து, மாற்றம் எதுவும் தென்படவில்லை என்று வெளியிட்டார்கள். வெப், அவர் குழுவிலிருந்த மைக்கேல் மர்ஃபி தரப்பு அந்தக் கணக்கின் பிழை வரம்பு குறைத்து மதிப்பிடப்பட்டது என்று மறுத்தது. வாதம் பல ஆண்டு நீண்டது. இரு தரப்பும் ஒருவர் முறையை ஒருவர் வரிக்கு வரி பிரித்துப் பார்த்தார்கள். அறிவியல் இப்படித்தான் நடக்க வேண்டும்.

முடிச்சு அவிழ்ந்தது கருவியில். சிறுகோள்களிலிருந்து திரும்பும் சூரிய ஒளியை அதே நிறமாலைமானிகளில் செலுத்திப் பார்த்தபோது, அலைநீள அளவுகோலே சற்று நீண்டும் சுருங்கியும் கோணிக் கிடப்பது தெரிந்தது. வெப் குழு கண்ட வேறுபாட்டை இந்தக் கோணலே உண்டாக்கப் போதுமானது என்று 2015இல் ஜோனத்தன் விட்மோரும், முன்பு வெப்புடன் இருந்த அதே மைக்கேல் மர்ஃபியும் காட்டினார்கள். தன் குழுவின் பெரிய கண்டுபிடிப்பைத் தானே சோதித்துப் பார்த்த நேர்மைக்காக மர்ஃபியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். லாம்டனின் சங்கிலி வெயிலில் நீண்டது போலத்தான் இதுவும். நீளத்தைச் சொல்வதற்கு முன் சங்கிலியைச் சோதி. பிறகு சிலியில் எஸ்பிரெஸோ என்ற புதிய நிறமாலைமானி வந்தது. 2022இல் வெளியான அதன் அளவீடு, ஏறத்தாழ 850 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் மாறிலி பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குள் இன்றைய மதிப்போடு ஒத்திருக்கிறது என்றது. புரோட்டான், எலெக்ட்ரான் நிறைகளின் விகிதத்தை மெத்தனால் மூலக்கூறின் வானொலிக் கோடுகள் மூலம் 2013இல் சோதித்ததிலும், 700 கோடி ஆண்டுகளில் கோடியில் ஒரு பங்கு அளவுக்கும் மாற்றம் தெரியவில்லை.

அப்படியானால் கதை முடிந்ததா? நம் கண்ணுக்கு எட்டும் அண்டத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ முடிந்தது. கண்ணுக்கு எட்டாததைப் பற்றித்தான் இன்று கோட்பாட்டாளர்களின் விவாதம்.

1962இல் தொடங்கப்பட்டு இன்று தரமணியில் இயங்கிவரும் கணித அறிவியல் கழகம் உட்பட உலகெங்கும் ஆராயப்படும் சரக் கோட்பாட்டின்படி, வெளியே தெரியும் மூன்று பரிமாணங்கள் போக இன்னும் சில பரிமாணங்கள் சுருண்டு கிடக்கின்றன. அவை எப்படிச் சுருண்டிருக்கின்றன என்பதைப் பொறுத்து மின்விசையின் வலிமை, துகள்களின் நிறை எல்லாம் அமையும். சுருளும் வழிகள் எத்தனை? ஒன்றுக்குப் பின் 500 சுழியம் என்பது அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு. 2003இல் ஷமித் கச்ரு, ரெனாட்டா காலோஷ், ஆந்த்ரே லிண்டே ஆகியோரோடு மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் சந்தீப் திரிவேதியும் சேர்ந்து எழுதிய கட்டுரை, விரியும் அண்டத்துக்கு ஏற்ற சுருள்கள் எப்படி நிலைபெறக்கூடும் என்று காட்டியது. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளில் ஒரே மழைதான் பெய்கிறது. தண்ணீர் நிற்கும் மட்டம் மட்டும் ஏரிக்கு ஏரி வேறு. ஒரே அடிப்படை விதியின் கீழ் அண்டத்தின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு மட்டத்தில் நின்றுவிட்டன, நாம் மட்டம் என்று காண்பதைத்தான் மாறிலி என்கிறோம் என்பது இந்தக் கோட்பாட்டின் சாரம்.

இதற்கு ஒரு தூண்டுதல் உண்டு. அணுக்கருவைப் பிணைக்கும் விசை அரை சதவீதம் மாறினாலே விண்மீன்களில் கார்பனோ ஆக்ஸிஜனோ ஏறக்குறைய இல்லாமல் போயிருக்கும் என்று 2000இல் ஒரு கணக்கு காட்டியது. நமக்கு இவ்வளவு பொருத்தமான எண்கள் எப்படி அமைந்தன? எண்ணற்ற பகுதிகள் இருந்தால், உயிர் வாழத் தகுந்த ஒன்றில்தான் உயிர் இருந்து இந்தக் கேள்வியைக் கேட்கும் என்கிறார்கள் சிலர். எதையும் விளக்கிவிடும் விளக்கம் எதையும் விளக்குவதில்லை என்று வேறு சிலர் மறுக்கிறார்கள். 2018க்குப் பிறகு, 2003இன் கட்டுரை சொன்ன நிலையான சுருள்களே சாத்தியமில்லையோ என்ற ஐயமும் வலுத்திருக்கிறது. மறுப்பவர் பக்கமே இப்போதைக்கு நியாயம் கூடுதல். பரங்கிமலைப் பீரங்கியும் ஒக்லோவின் சாம்பலும் எண்ணைத் தந்தன. கண்ணுக்கு எட்டாத பகுதிகள் இன்னும் ஓர் எண்ணும் தரவில்லை.

எண் தரும் சோதனைகளுக்குப் பெரிய கருவி எல்லா நேரமும் தேவையில்லை. மேடவாக்கத்திலோ குரோம்பேட்டையிலோ ஒரு பள்ளி மாணவி, கனமான இரும்புக் குண்டை நீளாத நூலில் கட்டி, தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை சரியாக ஒரு மீட்டர் வைத்து, சிறு வீச்சில் ஆயிரம் முறை போய்வர ஆடவிடட்டும். ஏறத்தாழ 2,009 விநாடி ஆகும். லண்டனிலுள்ள தமிழ் உறவுக்காரப் பிள்ளை அதே ஊசலை அங்கே ஆட்டினால் 2,006 விநாடி. நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலே ஒரு விநாடி தவறும். ஆகவே நூலைக் கவனமாக அளக்க வேண்டும். இரு பிள்ளைகளும் எண்களை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மூன்று விநாடி வேறுபாடு வந்தால், பூமி சுற்றுவதையும் அதன் நடுப்பகுதி பிதுங்கியிருப்பதையும் அவர்கள் தாங்களே அளந்துவிட்டார்கள் என்று பொருள். ஆசிரியர்கள் இதை இந்த ஆண்டே செய்து பார்க்க வேண்டும்.